பெருநகரம் எதனால் பெருகுகிறது? உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய விவாதம்

தாழிசை | திங்கள், காலை 9.12

"கிராமத்து மக்கள் எல்லாரும் கிளம்பி வந்துவிடுவதால்தான் பெருநகரங்கள் வீங்குகின்றன." தண்ணீர்த் தட்டுப்பாடு, போக்குவரத்து நெரிசல், வீட்டு வாடகை என்று எதைப் பேசத் தொடங்கினாலும் இந்த வாக்கியம் முன்னால் வந்து நிற்கிறது. யாரும் இதைச் சரிபார்ப்பதில்லை. சரிபார்க்காத ஒன்றின் மேல் நின்றுகொண்டு கொள்கை வகுக்கிறோம் என்பது என் ஆதங்கம்.

ஒரு பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை நான்கு வழிகளில் மாறும். இறப்பைவிடப் பிறப்பு கூடுவது அல்லது குறைவது ஒன்று; இதை இயற்கைப் பெருக்கம் என்பார்கள். நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வருவோரும் அங்கே போவோரும் இரண்டாவது. வெளிநாட்டிலிருந்து வருவதும் வெளிநாட்டுக்குப் போவதும் மூன்றாவது. நான்காவதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: எல்லை மாற்றம். 2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. இருந்த வீட்டிலேயே இருந்த லட்சக்கணக்கானவர்கள் அதோடு மாநகரவாசிகள் ஆனார்கள்.

நாடு முழுவதற்கும் இதே கதைதான். 2001-க்கும் 2011-க்கும் இடையில் இந்தியாவின் நகர்ப்புற மக்கள்தொகை 28.6 கோடியிலிருந்து 37.7 கோடியாக உயர்ந்தது. அதே பத்தாண்டில் 'கணக்கெடுப்பு நகரங்கள்' 1,362-லிருந்து 3,894 ஆயின. ஓர் ஊரில் 5,000 பேர் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தி இருந்து, ஆண் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால், நிர்வாகத்தில் அது ஊராட்சியாகவே இருந்தாலும் கணக்கெடுப்பில் நகரமாக எண்ணப்படும். வளர்ச்சியில் ஏறத்தாழ 30 விழுக்காடு இந்த வகைமாற்றத்தால் வந்தது என்று ஆய்வு சொல்கிறது. அதற்கும் வெகு முன்பே, 1979-ல், மக்கள்தொகையியலாளர் சாமுவேல் பிரெஸ்டன் வளரும் நாடுகளின் நகர்ப்புற வளர்ச்சியில் சுமார் 60 விழுக்காடு இயற்கைப் பெருக்கம் என்று கணக்கிட்டிருந்தார்.

அப்படியானால் உள்நாட்டு இடப்பெயர்வு ஒரு பெருநகரத்துக்கு உண்மையில் என்ன செய்கிறது? தலைகளைக் கூட்டுகிறதா, ஆட்களை மாற்றுகிறதா? இரண்டாவதுதான் பெரிது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.


பொன்னேர் | திங்கள், காலை 10.05

மறுக்கிறேன்.

//60 விழுக்காடு இயற்கைப் பெருக்கம்//

இருபத்திரண்டு வயதில் ஒரு பெண் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வருகிறாள். இருபத்தைந்தில் அவளுக்கு நகர மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. அந்தக் குழந்தையை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? 'இயற்கைப் பெருக்கம்' என்ற கட்டத்தில். தாய் வராமல் இருந்திருந்தால் அந்தப் பிறப்பு எங்கள் பக்கத்துப் பதிவேட்டில் இருந்திருக்கும். ஆகவே உங்கள் 60 விழுக்காட்டுக்குள் பெரும் பகுதி இடப்பெயர்வு ஒளிந்து கிடக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிகளில் வகுப்புகள் காலியாவதற்கும் இதுதான் காரணம். இழப்பவர்களிடம் கேட்டால் இடப்பெயர்வு சிறிது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.


நிலவரைவி | திங்கள், நண்பகல் 12.40

பொன்னேர் ஐயா சொன்னது மிக முக்கியமான மறுப்பு. ஆனால் அது தாழிசையின் கட்சியை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் பழைய லண்டன். 1662-ல் ஜான் கிரான்ட் என்ற வணிகர் அந்நகரத்தின் வாராந்தர இறப்புப் பட்டியல்களை எடுத்துவைத்து எண்ணிப் பார்த்தார். ஞானஸ்நானங்களைவிடப் புதைப்புகள் அதிகம் என்பது தெரிந்தது. கொள்ளைநோயும் அசுத்த நீரும் ஆண்டுதோறும் நகரத்தைத் தின்றுகொண்டிருந்தன. கணக்குப்படி லண்டன் சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் 1650-ல் சுமார் 4 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1750-ல் ஏறத்தாழ 6.75 லட்சம் ஆனது. இங்கிலாந்தின் மற்ற ஊர்களிலிருந்து இளைஞர்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்ததே காரணம். வரலாற்று மக்கள்தொகையியலாளர் ரிக்லி 1967-ல் எழுதிய கட்டுரையில், அந்த நூறாண்டில் ஆண்டுக்குச் சராசரியாக 8,000 பேர் நிகரமாக, அதாவது போனவர்களைக் கழித்த பிறகும், வந்தால்தான் இந்த வளர்ச்சி நடந்திருக்க முடியும் என்று காட்டினார். வயது வந்த ஆங்கிலேயர்களில் ஆறில் ஒருவராவது வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் லண்டனில் வாழ்ந்திருப்பார் என்பது அவர் மதிப்பீடு.

அந்தக் கடைசி மதிப்பீட்டைக் கவனியுங்கள். 'ஏதோ ஒரு கட்டத்தில்' என்கிறார். எல்லாரும் தங்கவில்லை. வந்தார்கள், வேலை கற்றார்கள், ஒரு பகுதியினர் திரும்பினார்கள். திரும்பியவர்கள் லண்டனின் பழக்கங்களை ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

இன்றைய பெருநகரங்களில் நிலை மாறிவிட்டது. குழாய்நீரும் தடுப்பூசியும் வந்தபின் நகரத்தில் இறப்பு குறைந்தது. வருகிறவர் பெரும்பாலும் இருபது, முப்பது வயதுக்காரர். அந்த வயதில் மரணம் அரிது, பிள்ளைப்பேறு அதிகம். எனவே வருவோர் இரண்டு முறை கணக்கில் ஏறுகிறார்கள்: வந்தபோது ஒருமுறை, குழந்தை பெற்றபோது மறுமுறை. பொன்னேர் ஐயா காட்டியது இதைத்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எந்த வயதில் வந்தார்கள் என்பது கூடுதலாக வேலை செய்கிறது. ஓய்வு பெற்ற ஒரு லட்சம் பேர் ஒரு நகரத்துக்கு வந்தால் விளைவு வேறு. இருபத்தைந்து வயதில் ஒரு லட்சம் பேர் வந்தால் வேறு.


வேங்கைமரம் | திங்கள், பிற்பகல் 3.18

வயதுக்கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் நிகரம் என்ற ஓர் எண்ணை மட்டும் நாளிதழ்கள் அச்சிடுவது ஏன் என்பது புரியவில்லை. 'இவ்வளவு பேர் கூடினார்கள்' என்று போடுகிறார்கள். எத்தனை பேர் போனார்கள் என்று சொல்வதே இல்லை.


நிலவரைவி | திங்கள், மாலை 6.02

போனவர்களைக் கணக்கெடுப்பது கடினம் என்பதால்தான். வந்தவர் வாசலில் நிற்கிறார், கேட்டால் சொல்வார். போனவரை அவர் போய்ச் சேர்ந்த ஊரில்தான் பிடிக்க வேண்டும்.

1885-லேயே புவியியலாளர் ராவன்ஸ்டைன் பிரிட்டனின் 1871, 1881 கணக்கெடுப்புகளை வைத்து ஒன்றைக் கண்டார்: ஒவ்வொரு பெரிய பெயர்வோட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. நிகரம் என்பது இந்த இரண்டின் வித்தியாசம் மட்டுமே. ஒரு பகுதிக்கு 5 லட்சம் பேர் வந்து 4.9 லட்சம் பேர் போனால் நிகரம் பத்தாயிரம். 'ஒன்றும் நடக்கவில்லை' என்று தோன்றும். ஆனால் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் கதவைத் தாண்டியிருக்கிறார்கள். வாடகை வீடுகள் கைமாறியிருக்கின்றன, பள்ளிச் சேர்க்கை மாறியிருக்கிறது, வாக்காளர் பட்டியல் பழசாகிவிட்டிருக்கிறது.

போகிறவர் யார் என்பதும் பொருட்டு. இன்றைய லண்டன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2010களின் பிற்பகுதியில் பிரிட்டனின் மற்ற பகுதிகளுடன் கணக்குப் பார்த்தால் லண்டன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை நிகரமாக இழந்துகொண்டிருந்தது. ஆனால் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் லண்டனுக்கு ஆதாயம். படிப்பு முடித்து வருகிறார்கள், முப்பதுகளில் கைக்குழந்தையோடு வெளியேறுகிறார்கள். புவியியலாளர் டோனி ஃபீல்டிங் 1992-ல் தென்கிழக்கு இங்கிலாந்தை மின்படிக்கட்டு வட்டாரம் என்று அழைத்தார். இளைஞர்கள் கீழே ஏறி, பதவியிலும் வருமானத்திலும் வேகமாக உயர்ந்து, மேலே இறங்கிப் போய்விடுகிறார்கள். ஓரிடத்தின் மக்கள்தொகை எண் அப்படியே நின்றாலும் உள்ளே இருக்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள்.

ரோஜர்ஸ், காஸ்ட்ரோ என்ற ஆய்வாளர்கள் இருவர் 1970களின் இறுதியில், எந்த வயதில் எவ்வளவு பேர் இடம்பெயர்கிறார்கள் என்ற பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டார்கள். நாடு எதுவானாலும் வரைபடத்தின் வடிவம் ஏறத்தாழ ஒன்றுதான். குழந்தைப் பருவத்தில் பெற்றோருடன் சிறிது நகர்வு, பதின்ம வயதின் தொடக்கத்தில் தாழ்வு, இருபதுகளின் தொடக்கத்தில் செங்குத்தான சிகரம், பிறகு நீண்ட சரிவு. சில இடங்களில் ஓய்வுக்காலத்தில் ஒரு சிறு மேடு. மனித வாழ்க்கையின் ஒழுங்கு ஒரு கோட்டில் தெரிவதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.


செந்தூரன்_வழி | திங்கள், இரவு 9.47

எல்லாம் படித்தேன். நான் நேராகக் கேட்கிறேன். ஒரு நகரத்துக்குத் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. குடிநீர் இவ்வளவு, சாலை இவ்வளவு, வீடு இவ்வளவு. அதற்கு மேல் வருகிறவர்களை நிறுத்தினால் என்ன? அனுமதி பெற்று வரட்டும். வந்தவர்களுக்கே சரியான வாழ்க்கை கிடைக்கவில்லை என்ற வருத்தத்தில்தான் கேட்கிறேன்.


மணிமொழி | செவ்வாய், காலை 7.30

உங்கள் வருத்தம் உண்மையானது என்று நம்புகிறேன். ஆனால் அந்த வழியைப் பல அரசுகள் முயன்று பார்த்துவிட்டன. முடிவு தெரிந்த விஷயம் இது.

சோவியத் ஒன்றியம் 1932-ல் உள்நாட்டுப் பாஸ்போர்ட் கொண்டுவந்தது. பதிவு இல்லாமல் மாஸ்கோவில் குடியிருக்க முடியாது. தென்னாப்பிரிக்கா கறுப்பின மக்களை நகரத்துக்குள் விடாமல் தடுக்க அனுமதிச் சட்டங்களை வைத்திருந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட கைதுகளுக்குப் பிறகு 1986-ல் அவற்றை நீக்க வேண்டியதாயிற்று. சீனா 1958-ல் ஹுகோவ் என்னும் குடும்பப் பதிவு முறையைச் சட்டமாக்கியது. பிறந்த இடத்தோடும் பெற்றோரின் பதிவோடும் மனிதரைக் கட்டிவைக்கும் முறை அது.

ஹுகோவ் இடப்பெயர்வை நிறுத்தியதா? 2010 கணக்கெடுப்பில் பதிவு ஓரிடம், வாழ்வு வேறிடம் என்றிருந்த 'மிதக்கும் மக்கள்' சுமார் 22 கோடி. 2020-ல் அது 37.6 கோடி. ஷென்சென் பகுதியில் 1979-ல் சில லட்சம் பேர்தான் இருந்தார்கள், 2020-ல் 1.75 கோடிக்கு மேல். ஷாங்காயின் 2.48 கோடிப் பேரில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அந்நகரப் பதிவு கிடையாது. தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்பட்டது, வந்தார்கள். ஆனால் பிள்ளையை அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்ப்பது கடினம், உயர்கல்விக்கான நுழைவுத்தேர்வை அங்கே எழுதுவது அதைவிடக் கடினம். அதனால் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். அனுமதி முறை ஆட்களைத் தடுக்கவில்லை. அவர்களிடமிருந்து குடும்பத்தைப் பிரித்தது, உரிமையைப் பிடுங்கியது.

பெருநகரத்தின் மக்கள்தொகை வடிவத்தையும் அது வளைத்தது. உழைக்கும் வயதினர் குவிந்தார்கள், அவர்களுடைய குழந்தைகளும் முதியவர்களும் வேறிடத்தில் எண்ணப்பட்டார்கள். நகரம் இளமையாகவும் செல்வமாகவும் தோன்றியது. அந்த இளமையை வளர்த்த செலவும், முதுமையைத் தாங்கும் செலவும் கிராமத்தின் தலையில்.

இந்தியாவில் நாட்டுக்குள் எங்கும் சென்று குடியிருக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு தருகிறது. அதை விட்டுக்கொடுக்கும் பேச்சையே நாம் எடுக்கக் கூடாது.


செந்தூரன்_வழி | செவ்வாய், காலை 8.15

உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை அம்மா. ஆனால் பிள்ளைகளைப் பிரிந்த பெற்றோர் அனுமதி முறை இல்லாத இடங்களிலும் இருக்கிறார்களே. வாடகை கட்டுப்படியாகாததால் குடும்பத்தை ஊரில் விட்டுவரும் ஆண்கள் எத்தனை பேர்.


மணிமொழி | செவ்வாய், காலை 11.26

இருக்கிறார்கள். அது கணக்கெடுப்பில் கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கிறது.

2011-ல் டாமன் மாவட்டத்தின் பாலின விகிதம் ஆயிரம் ஆண்களுக்கு 534 பெண்கள். இந்தியாவிலேயே குறைவு. தொழிற்பேட்டைகளுக்குத் தனியாக வந்த ஆண்கள்தான் காரணம். சூரத் மாவட்டத்தில் 787. அங்குள்ள விசைத்தறிகளில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து ஆண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள், ஒரு கட்டிலை இரண்டு ஷிப்ட் ஆட்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் அறைகளில் தங்கி. மறுபுறம் உத்தராகண்டின் அல்மோராவைப் பாருங்கள்: ஆயிரம் ஆண்களுக்கு 1,139 பெண்கள். அந்த மாவட்டத்தின் மக்கள்தொகையே 2001-க்கும் 2011-க்கும் இடையில் சிறிது குறைந்துவிட்டது. ஓரிடத்தில் மிகுந்திருக்கும் ஆண்களும் இன்னோரிடத்தில் மிகுந்திருக்கும் பெண்களும் ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள்.

இதில் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி, கடைசியாக வசித்த இடத்தை வைத்துப் பார்த்தால் இந்தியாவில் சுமார் 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். காரணம் என்ற கட்டத்தில் 'திருமணம்' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இது பொருளாதாரத்தோடு தொடர்பில்லாத இடப்பெயர்வு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. திருமணமாகி நகரத்துக்கு வந்த பெண் அடுத்த மாதமே வீட்டு வேலைக்கோ தையலகத்துக்கோ போகிறாள். கேள்வித்தாளில் ஒரு காரணத்துக்குத்தான் இடம். அந்த ஒரே கட்டம் கோடிக்கணக்கான பெண்களின் உழைப்பை நகரத்தின் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறது. தங்குவிடுதி கட்டும்போது ஆண்களுக்கு மட்டும் கட்டுவதற்கு இந்த அழிப்பும் ஒரு காரணம்.


வேங்கைமரம் | செவ்வாய், பிற்பகல் 1.55

//ஒரு காரணத்துக்குத்தான் இடம்//

இது எனக்கு இதுவரை தெரியாத விஷயம். நன்றி.


ஓடம் | செவ்வாய், மாலை 4.40

நீங்கள் எல்லாரும் ஊருக்கும் பெருநகரத்துக்கும் இடையிலான போக்குவரத்தையே பேசுகிறீர்கள். நான் நகரத் திட்டமிடல் படித்தவன். எங்களைத் தூங்கவிடாதது பெருநகரத்துக்கு உள்ளேயே நடக்கும் இடப்பெயர்வு.

மும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். தீவுநகரமான மும்பை மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 33.4 லட்சம், 2011-ல் 30.9 லட்சம். குறைந்துவிட்டது! அதே பத்தாண்டில் அப்போதைய தாணே மாவட்டம் 81 லட்சத்திலிருந்து 1.1 கோடியாகி நாட்டிலேயே மக்கள் மிகுந்த மாவட்டமானது. டெல்லியிலும் அப்படித்தான். புது டெல்லி, மத்திய டெல்லி மாவட்டங்கள் மக்களை இழந்தன, அருகிலிருந்த குர்கான் மாவட்டம் 73 விழுக்காடு வளர்ந்தது. சியோல் நகரம் 1990களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லச் சரிந்து, 2016-ல் ஒரு கோடிக்குக் கீழே வந்தது. அதைச் சூழ்ந்த கியோங்கி மாகாணம் 1990-ல் 60 லட்சம் சொச்சமாக இருந்து 2020-ல் 1.3 கோடியைத் தாண்டிவிட்டது. மெக்சிகோ நகரத்தின் நடுப்பகுதி 1980-க்கும் 1990-க்கும் இடையில் 88 லட்சத்திலிருந்து 82 லட்சமானது, வெளிவட்டமோ பெருத்துக்கொண்டே போனது.

நடுவில் நின்று பார்ப்பவருக்கு நகரம் சுருங்குகிறது. விளிம்பில் நிற்பவருக்கு வெடிக்கிறது. இரண்டும் ஒரே பெருநகரப் பகுதி.

காரணங்கள் பல. நடுப்பகுதியில் அலுவலகமும் கடையும் வீடுகளை விரட்டுகின்றன. ஆலைகள் மூடப்பட்டு அந்த நிலத்தில் விலையுயர்ந்த அடுக்ககங்கள் எழுகின்றன. குடும்பத்தின் அளவு சிறுத்து, ஐந்து பேர் இருந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். குடிசைப் பகுதிகளை அகற்றி நகரத்துக்கு வெளியே மறுகுடியமர்த்துகிறார்கள். அதை இடப்பெயர்வு என்று யாரும் எழுதுவதில்லை. வேலைத்தலத்திலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குத் தள்ளப்பட்ட ஒரு குடும்பத்துக்கு அது வேறு மாவட்டத்துக்குப் போவதைவிடக் கடினமான பெயர்வு. தாயின் வேலை போகிறது, பிள்ளையின் பள்ளி போகிறது, கடன் கொடுக்கும் பக்கத்து வீட்டு உறவு போகிறது.

இதில் ஆட்சி எல்லை செய்யும் கேடு பெரிது. வரி நடுவில் சேர்கிறது, ஆட்கள் விளிம்பில் சேர்கிறார்கள். வெளிவட்டத்து ஊராட்சியிடம் பாதாளச் சாக்கடை போடப் பணமும் இல்லை, பொறியாளரும் இல்லை. பெருநகரம் முழுவதையும் ஒரே பகுதியாக எண்ணாத வரை இந்தப் பிளவு தெரியவே தெரியாது.


பொன்னேர் | செவ்வாய், மாலை 6.20

ஓடம் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். வந்தவர்களையும் நகரம் ஓரிடத்தில் இருக்கவிடுவதில்லை என்று தெரிகிறது.

என் பழைய கேள்வியை விடவில்லை. இழக்கும் ஊர்களுக்கு என்ன ஆகும்? ஜப்பானைப் பற்றி அடிக்கடி படிக்கிறேன்.


நிலவரைவி | செவ்வாய், இரவு 8.33

ஜப்பான் இந்தக் கேள்வியின் கடைசி எல்லை. அந்நாட்டின் மொத்த மக்கள்தொகை 2008 வாக்கில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. ஆனால் டோக்கியோ, கனகாவா, சைத்தாமா, சிபா சேர்ந்த டோக்கியோ வட்டாரம் அதற்குப் பிறகும் வளர்ந்தது. 2019-ல் மட்டும் உள்நாட்டிலிருந்து நிகரமாக ஏறத்தாழ 1.5 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் பதினைந்திலிருந்து இருபத்தொன்பது வயதுக்குள். இது எப்போதும் ஒரே சீராக இருந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4 லட்சத்தை நெருங்கியது. சொத்து விலைக் குமிழ் உடைந்தபின் 1994, 1995-ல் உள்நாட்டுப் பெயர்வில் வட்டாரமே மக்களை இழந்தது. பொருளாதாரம் திரும்பியதும் ஓட்டமும் திரும்பியது.

2014-ல் மசுதா ஹிரோயா தலைமையிலான குழு, 896 ஊராட்சி, நகராட்சிகள் அழியும் நிலையில் உள்ளன என்று பட்டியலிட்டது. அளவுகோல் எளிது: 2040-க்குள் இருபது முதல் முப்பத்தொன்பது வயதுப் பெண்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும் இடங்கள். வயது பற்றி முன்னால் எழுதியதன் மறுபக்கம் இது. நகரத்துக்கு வந்த இளம்பெண் இரண்டு முறை கூடுகிறாள் என்றால், ஊரிலிருந்து போன இளம்பெண் இரண்டு முறை கழிகிறாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டோக்கியோவில் 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 0.99. 'பெருநகரம் பெண்களை விழுங்கிப் பிள்ளைப்பேற்றைக் கொல்கிறது' என்று அதை வைத்து எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. மணமாகாத இளம்பெண்கள் பெருந்தொகையாக வந்து சேரும்போது வகுக்கும் எண் பெரிதாகிறது, விகிதம் தாழ்கிறது. மணமானவர்களில் ஒரு பகுதியினர் சைத்தாமாவுக்கும் சிபாவுக்கும் நகர்ந்து அங்கே குழந்தை பெறுகிறார்கள், அந்தப் பிறப்பு டோக்கியோவின் கணக்கில் வராது. வாடகையும் வேலை நேரமும் உண்மையாகவே பிள்ளைப்பேற்றைத் தடுக்கின்றன. ஆனால் எந்தப் பங்கு இடப்பெயர்வின் தேர்வால் வந்தது, எந்தப் பங்கு நகர வாழ்க்கையால் வந்தது என்று பிரிக்காமல் அந்த எண்ணை ஆயுதமாக எடுக்கக் கூடாது. ஊரைவிட்டுப் போன பெண்கள் மீது பழி போடும் பேச்சு அதிலிருந்துதான் முளைக்கிறது.


தாழிசை | புதன், காலை 9.50

இன்னொரு கோணத்தைச் சேர்க்கிறேன். வந்தவர்கள் நகரத்தில் எங்கே இருக்க அனுமதிக்கப்பட்டார்கள் என்பது மூன்று தலைமுறைக்கு மக்கள்தொகையை வரைந்துவிடுகிறது.

1910-க்கும் 1970-க்கும் இடையில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குப் போனார்கள். பருத்தி வயலின் கடன்கூலியும் கும்பல் கொலைகளும் பின்னாலிருந்து தள்ளின, உலகப் போர்க்காலத் தொழிற்சாலைகள் முன்னாலிருந்து அழைத்தன. சிகாகோவில் 1910-ல் 44 ஆயிரமாக இருந்த கறுப்பின மக்கள் 1930-ல் 2.3 லட்சம், 1960-ல் 8 லட்சத்துக்கு மேல். ஆனால் வீட்டுப் பத்திரங்களிலேயே 'கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது' என்ற நிபந்தனையை எழுதிவைத்தார்கள். 1948-ல் உச்ச நீதிமன்றம், நீதிமன்றங்கள் அந்த நிபந்தனைகளை நிறைவேற்றித்தர முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் நகரத்தின் தெற்குப் பகுதியில் ஓர் ஒடுங்கிய பட்டைக்குள் மக்கள் நெருக்கப்பட்டுவிட்டார்கள். சட்டம் போனபின்னும் அந்த வரைபடம் போகவில்லை.

நம்மிடம் பத்திரத்தில் எழுதுவதில்லை. வீடு பார்க்கப் போகும்போது சாதி, மதம், மொழி கேட்கிறார்கள். முடிவு அதேபோல் நகரத்தின் தெருக்களில் படிகிறது.


கதிரொளி | புதன், நண்பகல் 12.15

இரண்டு நாளாகப் படித்துவருகிறேன். எல்லாரும் கணக்கெடுப்பில் இருப்பவர்களைப் பேசுகிறீர்கள். கணக்கில் இல்லாதவர்கள்?

செங்கல் சூளை, கட்டுமானம், கரும்பு வெட்டு. ஆண்டில் நான்கு மாதம் இங்கே, நான்கு மாதம் அங்கே, மழை பெய்தால் ஊர். இவர்களைக் கணக்கெடுப்பு எங்கே எண்ணும்? பெரும்பாலும் ஊரில். தேசிய மாதிரி ஆய்வு 2007-08-ல் ஒரு மாதத்துக்கு மேல், ஆறு மாதத்துக்குள் வேலைக்காக வெளியூர் போனவர்களைத் தனியாகக் கேட்டது. ஏழு மாதம் போனவர்? ஆண்டுக்கு மூன்று தடவை இருபது இருபது நாள் போனவர்? வரையறையின் இடுக்கில் விழுந்துவிடுகிறார்கள். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை முன்பதிவில்லாத ரயில் டிக்கெட்டுகளின் ஓட்டத்தை வைத்து, மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்குப் போவோர் ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சத்துக்கு அருகில் என்று மதிப்பிட்டது. முந்தைய கணக்குகளைவிட மிக அதிகம்.

2020 மார்ச் 24 இரவு. நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு மூடப்பட்டது. நெடுஞ்சாலையில் நடந்தவர்களைப் பார்த்து 'இவ்வளவு பேரா?' என்று அரசுகள் திகைத்தன. அந்தத் திகைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் கட்டிய கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் இருப்பதே தெரியாது என்றார்கள்.

குடும்ப அட்டை ஊரில் இருந்தால் நகரத்தில் அரிசி கிடையாது என்ற நிலை மாற, 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் 2019-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2022 ஜூனில் அசாமோடு எல்லா மாநிலங்களையும் எட்டியது. நல்லது. ஆனால் அரிசி மட்டும் கூடவே வந்தால் போதுமா? வாக்கு வரவில்லை. அங்கன்வாடியில் குழந்தையின் இடம் வரவில்லை. நலவாரியப் பதிவு ஒரு மாநிலத்தோடு நின்றுவிடுகிறது.


செந்தூரன்_வழி | புதன், பிற்பகல் 2.08

கதிரொளி எழுதியதைப் படித்தபின் என் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். தாங்கும் அளவு என்று சொன்னேன். அந்த அளவை யாரை எண்ணி முடிவு செய்கிறோம்? குடிநீர்த் திட்டம் பதிவில் உள்ளவர்களுக்குப் போடப்படுகிறது, குடிப்பவர்கள் அதைவிட அதிகம். பற்றாக்குறை வந்ததும் பதிவில் இல்லாதவர் மீது கோபம் திரும்புகிறது. இப்போது நடைமுறையில் என்ன கேட்கலாம்?


மணிமொழி | புதன், மாலை 5.35

கேட்க வேண்டிய நேரம் இதுதான். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இன்று எந்தப் பெருநகரத்தைப் பற்றிப் பேசினாலும் நாம் 2011-ன் மனிதர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அன்று இருபத்திரண்டு வயதில் வந்தவர் இப்போது முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார்.

1971-ல் கடைசியாக வசித்த இடத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். 1981-ல் காரணத்தைச் சேர்த்தார்கள். அதாவது கேள்விகள் மாறக்கூடியவைதான். எனக்கு மூன்று வேண்டும். 'ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கே இருந்தீர்கள்' என்ற நேரடிக் கேள்வி, ஏனென்றால் வருவோர் போவோர் இருவரையும் ஒரே கால அளவில் ஒப்பிட அதுதான் உதவும். காரணத்துக்கு இரண்டு விடை எழுத இடம், பெண்களுக்காக. கடந்த ஓராண்டில் எத்தனை மாதம் வேறிடத்தில் வேலை செய்தீர்கள் என்ற கேள்வி, கதிரொளி சொன்னவர்களுக்காக.


ஓடம் | புதன், இரவு 7.12

நான்காவதாக ஒன்று. 2011-ன் இடப்பெயர்வு அட்டவணைகள் முழுமையாகக் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் மாவட்ட அளவில்தான் பெரும்பாலும் கிடைத்தன. மாவட்டத்தை வைத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குப் பள்ளி வேண்டும் என்று சொல்ல முடியாது. வார்டு அளவில், வயது வாரியாக, வெளிவட்டத்து ஊராட்சிகளையும் சேர்த்து, இரண்டு ஆண்டுக்குள் வெளியிட வேண்டும்.


பொன்னேர் | புதன், இரவு 8.50

ஐந்தாவதை நான் சேர்க்கிறேன். அதே அட்டவணையைப் புறப்பட்ட ஊரின் பெயரிலும் வெளியிடுங்கள். எங்கள் வட்டத்திலிருந்து எத்தனை பேர், எந்த வயதில், எந்த நகரத்துக்குப் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது எங்கள் ஊராட்சிக்கும் தெரிய வேண்டும். மூடப்போகும் பள்ளியை மூடுவதா, முதியோருக்கான மருத்துவ வண்டியை வாங்குவதா என்று நாங்களும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.